கிரேட் பேர் ஏரி: அவ்வளவு தண்ணீர் யாருக்குப் பயன்?

ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: கனடாவின் வடக்கே பெல்ஜியம் நாட்டைவிடப் பெரிய ஒரு நன்னீர் ஏரி இருக்கிறதாம், அதன் கரையில் ஒரே ஒரு ஊர்தானாம், வருடத்தில் ஏழெட்டு மாதம் உறைந்து கிடக்குமாம், அப்படியானால் அந்த ஏரியால் யாருக்கு என்ன பிரயோஜனம்? கிண்டலாகக் கேட்டதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. வரைபடத்தில் கிரேட் பேர் ஏரியை முதல் தடவை பார்க்கிற யாருக்கும் வருகிற சந்தேகம்தான். நான் அந்தக் கரையில் நின்றவன் இல்லை, கனடாவின் வடக்கைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் பல வருடங்களாகப் படித்துக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான். பதில் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில், 65க்கும் 67க்கும் இடைப்பட்ட வட அட்சரேகைகளில் இருக்கிறது. ஆர்க்டிக் வட்டக் கோடு ஏரியின் வடபகுதிக்குக் குறுக்கே போகிறது. பரப்பு சுமார் 31,000 சதுர கிலோமீட்டர், உலகத்தின் எட்டாவது பெரிய ஏரி. வட அமெரிக்காவில் சுப்பீரியர், ஹியூரன், மிச்சிகன் மூன்றுக்கும் அடுத்தது இது. அந்த மூன்றில் மிச்சிகன் முழுக்க அமெரிக்காவுக்குள் இருக்கிறது, மற்ற இரண்டையும் இரண்டு நாடுகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆகவே, முழுவதும் கனடாவுக்குள் இருக்கும் ஏரிகளில் பெரியது இதுதான், ஆனாலும் டொராண்டோவில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் எத்தனை பேருக்கு இதன் பெயர் தெரியும் என்பது சந்தேகம்தான். அதிகபட்ச ஆழம் 446 மீட்டர். தண்ணீர் மட்டமோ கடலுக்கு மேலே 156 மீட்டரில்தான் இருக்கிறது, கழித்துப் பாருங்கள், ஏரியின் அடித்தரை கடல் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட 290 மீட்டர் கீழே கிடக்கிறது.

வடிவத்தைப் பார்த்தால் கோணல்மாணலாக விரித்து வைத்த கை மாதிரி இருக்கும். ஐந்து பெரிய கிளைகள், ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் 'ஆர்ம்' என்றே சொல்கிறார்கள்: கீத், மெக்விக்கர், மெக்டாவிஷ், டீஸ், ஸ்மித். பீட்டர் டீஸ் போன்ற தோல் வியாபாரக் கம்பெனி ஆட்களின் பெயர்கள்தான் வரைபடத்தில் ஏறியிருக்கின்றன. அங்கேயே காலங்காலமாக வாழ்கிற டெனே மக்கள் ஏரியை 'சாஹ்டூ' என்கிறார்கள், கரடி நீர் என்று பொருள். கரையோரம் கரடிகள் உண்டு என்பதால் இந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. அந்த மக்களுக்கும் ஏரியின் பெயரேதான், சாஹ்டூ டெனே.

கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் ஒரே ஏரியின் கரைகள் மாதிரியே இருக்காது. கிழக்கே மெக்டாவிஷ் கிளையில் கனடியக் கேடயம் எனப்படும் மிகப் பழைய கடும்பாறை, செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கும், சிறுசிறு தீவுகள் சிதறிக் கிடக்கும், ஆழமும் அங்கேதான் அதிகம். மேற்கே வண்டல் பாறை, தாழ்ந்த மேடுகள், குட்டையான ஸ்ப்ரூஸ் மரக்காடு, சதுப்பு. பனியுகத்தில் பனிப்பாறைகள் வந்து இந்த இரண்டு பாறைகளும் சேருகிற இடத்தைக் குடைந்துவிட்டுப் போயின. பனி பின்வாங்கியபோது உருகிய நீர் தேங்கி மெக்கானல் என்று இன்று பெயர் வைத்திருக்கும் ஒரு மாபெரும் ஏரி உண்டானது. இன்றைய கிரேட் பேர், அதற்குத் தெற்கே உள்ள கிரேட் ஸ்லேவ், அதற்கும் தெற்கே உள்ள அதபாஸ்கா, மூன்றும் அந்த ஒரே ஏரியாக இருந்தவை. ஏறக்குறைய 8,000 வருடங்களுக்கு முன்பு அது வடிந்து மூன்று துண்டுகளாக நின்றுவிட்டது.

இனி குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஏரியின் பயன், பயனின்மை எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது. நவம்பர் கடைசியில் மூடத் தொடங்கும் பனிக்கட்டி ஜூலை வரைக்கும் முழுதாக விலகுவதில்லை. கோடையிலும் கரையோரக் குடாக்கள்தான் ஓரளவு சூடாகும், நடு ஏரி 4 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே பெரிய விஷயம். இந்த 4 டிகிரி முக்கியமான எண். தண்ணீர் மிகக் கனமாக இருப்பது 4 டிகிரியில்தான். மிதமான நாடுகளின் ஏரிகளில் கோடையில் மேலே இளஞ்சூடான தண்ணீர் ஒரு போர்வை மாதிரி மிதக்கும், அடியில் குளிர்ந்த தண்ணீர் தனியாகக் கிடக்கும், இரண்டும் கலக்காது. இங்கே மேல் தண்ணீர் 4 டிகிரியைத் தாண்டினால்தானே போர்வை உருவாகும்? அதனால் கோடையில் மேலிருந்து கீழ்வரை ஏரி முழுவதும் கலங்கிப் புரள்கிறது, அடிவரை பிராணவாயு போகிறது. கலங்கி என்றதும் சேற்றை நினைக்க வேண்டாம். சத்துக் குறைந்த தண்ணீர், பாசி பெருகாது, 20 மீட்டருக்குக் கீழே இறக்கிய வெள்ளைத் தட்டும் மேலிருந்து கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தெளிவு. படகிலிருந்து எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் என்று எழுதியிருப்பவர்கள் உண்டு.

இன்னொரு எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஏரிக்குள் இருக்கிற தண்ணீர் ஏறத்தாழ 2,236 கன கிலோமீட்டர். வெளியே போக ஒரே வழி, கீத் கிளையின் மேற்கு முனையில் தொடங்கும் கிரேட் பேர் ஆறு, அது நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஓடி டுலிடா என்ற ஊரில் மெக்கன்சி ஆற்றில் விழுகிறது, மெக்கன்சி ஆர்க்டிக் பெருங்கடலுக்குப் போகிறது. அந்த ஒரு வாய் வழியாக ஏரித் தண்ணீர் முழுதும் ஒருமுறை மாற 120 வருடங்களுக்கு மேல் ஆகும். பாட்டன் காலத்தில் விழுந்த மழை பேரன் காலத்திலும் ஏரிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

சரி, யாருக்குப் பயன்? கிரேட் பேர் ஆறு புறப்படும் இடத்துக்குப் பக்கத்தில் டெலினே இருக்கிறது, 'தண்ணீர் ஓடும் இடம்' என்று பொருள், 550 பேர் அளவில் வசிக்கும் ஊர். முன்பு ஃபோர்ட் ஃபிராங்க்ளின் என்று இதற்குப் பெயர். 1825 முதல் 1827 வரை ஜான் ஃபிராங்க்ளின் தன் இரண்டாவது ஆர்க்டிக் பயணத்தின்போது குளிர்காலங்களைக் கழித்தது இங்கேதான். தன் ஆட்கள் உறைந்த தண்ணீரில் ஹாக்கி விளையாடினார்கள் என்று 1825 நவம்பரில் ஃபிராங்க்ளின் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார், அதை வைத்து ஐஸ் ஹாக்கி பிறந்த ஊர் எங்களுடையது என்று டெலினேக்காரர்கள் சொல்கிறார்கள். கனடாவில் இதே உரிமையைக் கோரும் ஊர்கள் வேறு சிலவும் இருக்கின்றன, அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் ஃபிராங்க்ளின் ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதில் சண்டை இல்லை: மீன். டெனே மக்கள் எத்தனையோ தலைமுறையாக வலை போட்டுவந்த இடம் அது.

மீன் என்றால் லேக் டிரௌட், வைட்ஃபிஷ், ஹெர்ரிங் போல இருக்கும் சிஸ்கோ, ஆற்று வாயில் கிரேலிங், அடியில் திரியும் பர்பட். குளிர்காலத்தில் எப்படிப் பிடிப்பார்கள் என்று கேட்டால், ஓட்டை போட்டுத் தூண்டில் விடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்போம், அதுவும் உண்டு, ஆனால் குடும்பத்துக்கும் முன்பு நாய்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு தேடியவர்களுக்குத் தூண்டில் கட்டுப்படியாகாது. உறைந்த ஏரிக்கு அடியில் ஐம்பது அறுபது மீட்டர் வலையை விரிக்க வேண்டும். ஒரு மீட்டர் கனத்துக்குப் பனிக்கட்டி மூடியிருக்கும்போது கயிற்றை ஒரு ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்கு எப்படிக் கொண்டுபோவது? பழைய முறையில் வரிசையாகப் பல ஓட்டைகள் வெட்டி, நீண்ட கழியில் கயிற்றைக் கட்டி ஓட்டைக்கு ஓட்டை தள்ளிக்கொண்டே போவார்கள். பிறகு 'ஜிக்கர்' வந்தது. ஆள் உயரத்துக்கு மேலான ஒரு மரப்பலகை, நடுவில் ஒரு நீள வெட்டு, அந்த வெட்டுக்குள் அசைகிற ஓர் இரும்புக் கை. பலகையை முதல் ஓட்டை வழியாக உள்ளே விட்டால் மரம் என்பதால் மிதந்து பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். மேலே இருப்பவர் கயிற்றை ஒருமுறை இழுத்தால் இரும்புக் கையின் முனை பனிக்கட்டியைக் கவ்விப் பலகையை முன்னால் உந்தும், விட்டால் கை பழைய இடத்துக்குத் திரும்பும், மறுபடி இழுத்தால் மறுபடி ஒரு உந்தல். பலகை கயிற்றையும் இழுத்துக்கொண்டு அடியில் ஊர்ந்து போகும். இன்னொருவர் மேலே நடந்துகொண்டே, டக் டக் என்று இரும்பு தட்டுகிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்துப் பின்தொடர்வார். போதுமான தூரம் வந்ததும் சத்தம் நின்ற இடத்தில் உளியாலோ துளைப்பானாலோ வெட்டினால் பலகை அங்கே தலைகாட்டும். கயிறு இப்போது இரண்டு ஓட்டைக்கும் நடுவில் அடியில் கிடக்கிறது, அதைப் பிடித்து வலையை இழுத்துவிட வேண்டியதுதான். ஓரிரு நாள் கழித்து வந்து, மறுபடி உறைந்துவிட்ட ஓட்டைகளை உடைத்து வலையைத் தூக்கினால், மைனஸ் 30 டிகிரியில் மீன் வெளியே வந்த சில நிமிடத்தில் விறகுக் கட்டை மாதிரி விறைத்துவிடும். வெறுங்கையோடு வலையிலிருந்து மீனைக் கழற்றுகிற வேலை அது, கையுறை போட்டால் வலைக்கண் விரலில் பிடிபடாது.

கோடையில் பிடிப்பதைக் காய வைப்பார்கள். இரண்டு பக்கச் சதையையும் வால் பக்கம் பிரியாமல் அறுத்து முள்ளை நீக்கி, சதையில் குறுக்கே கீறல்கள் போட்டு, வாலை மேலே வைத்துக் கழியில் தொங்கவிட்டு, அடியில் லேசாகப் புகை போட்டால் உப்பில்லாத கருவாடு தயார். பனியில் ஓடும் ஸ்கிடூ மோட்டார் வண்டி வந்து இழுவை நாய்களை ஓரங்கட்டியதற்கு முன்பு, பிடித்த மீனில் பெரும்பங்கு நாய்களின் வயிற்றுக்குத்தான் போனது என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் காலத்து ஸ்கிடூவின் பெட்ரோல் ஏரிக்குள்தான் நீந்திக்கொண்டிருந்தது.

இத்தனை மீன் இருந்தும் இங்கே வணிக மீன்பிடி கிடையாது. தெற்கே கிரேட் ஸ்லேவ் ஏரியில் 1945இலிருந்து உண்டு, இங்கே இல்லை. தூரம் ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் மறுபடி அதே குளிர். இங்கே ஒரு லேக் டிரௌட் முட்டையிடும் வயதுக்கு வரவே பத்துப் பதினைந்து வருடம் ஆகும், வந்த பிறகும் எல்லா வருடமும் முட்டையிடாது, ஆனால் ஐம்பது வயது தாண்டி வாழும். நீங்கள் பெரிய மீன் ஒன்றைப் பிடித்தால் அது உங்களைவிட மூத்ததாக இருக்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் நாலு டிராலர் படகுகளை இறக்கினால் சில வருடம் லாரி லாரியாக மீன் வரும், அப்புறம் வராது. இதனால்தான் கோடையில் வரும் தூண்டில்காரர்களின் விடுதிகளில் பெரும்பாலும் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிற வழக்கம், கொக்கியின் எதிர்முள்ளை மடித்துவிட்டுத்தான் போடுகிறார்கள். தூண்டிலில் பிடிபட்ட லேக் டிரௌட்டில் உலக சாதனை, 72 பவுண்ட், ஏறக்குறைய 33 கிலோ, 1995இல் இந்த ஏரியில் கிடைத்தது. ஆராய்ச்சியாளர்களுக்கும் இந்த மீனில் பெரிய அக்கறை உண்டு, ஏனென்றால் ஆழமில்லாத பகுதியில் மட்டுமே ஒரே இனத்துக்குள் தலையும் துடுப்பும் தீனியும் வேறுபட்ட நான்கு வடிவங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள், வந்து சில ஆயிரம் வருடமே ஆன ஏரியில் இது சாதாரண விஷயம் இல்லை.

இரண்டாவது பயன், சாலை. சிரிக்காதீர்கள். டெலினேக்கு வருடம் முழுக்க ஓடும் சாலை கிடையாது, மற்ற மாதங்களில் விமானம்தான் கதி. குளிர்காலத்தில் மட்டும், ஜனவரி வாக்கில் தொடங்கி மார்ச் கடைசி வரை, டுலிடாவிலிருந்து உறைந்த நிலத்தின் மேல் ஒரு பாதை போட்டு, கடைசிப் பகுதியை உறைந்த ஏரியின் மேலேயே ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒரு வருடத்துக்கு வேண்டிய டீசல், சிமெண்ட், மரச்சாமான், பெரிய இயந்திரம் எல்லாம் அந்த மூன்று மாதத்துக்குள் வந்து சேர வேண்டும். ஊருக்கு மின்சாரம் டீசல் ஜெனரேட்டரில், ஆகவே டீசல் வரவில்லை என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பனிக்கட்டிச் சாலை என்பது தானாக உறைந்ததன் மேல் ஓட்டிக்கொண்டு போவது என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் மேலே விழுந்த பனியை வழிக்க வேண்டும், பனி கம்பளி மாதிரி வெப்பத்தைத் தடுத்து அடியில் கட்டி கனமாக விடாது. வழித்துவிட்டால் குளிர் நேராக இறங்கும். அவசரம் என்றால் ஓட்டை போட்டுத் தண்ணீரை இறைத்து மேலே பரப்பி அடுக்கடுக்காக உறைய விடுவார்கள். எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு ரொம்ப எளிமையானது: கனத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை நாலால் பெருக்கினால் கிலோ கணக்கு வரும். ஒரு மீட்டர் கனம் என்றால் 40,000 கிலோ. அரை மீட்டர் என்றால் பாதி என்று நினைப்பீர்கள், இல்லை, 10,000தான். கனம் பாதியானால் பாரம் கால்வாசியாகிவிடும். வேகமும் முக்கியம், லாரி போகும்போது பனிக்கட்டி கொஞ்சம் அழுந்தி, அடியில் தண்ணீரில் ஒரு அலை கிளம்பும், லாரியின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றாகிவிட்டால் பனிக்கட்டி உடையும், கரையை நெருங்கும்போது இன்னும் ஆபத்து. அதனால் பாரம் ஏற்றியவர்கள் மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்துதான் வருவார்கள். அப்படி இருந்தும் 2016 மார்ச்சில், டெலினேயிலிருந்து கூப்பிடு தூரத்தில், எரிபொருள் ஏற்றிய டாங்கர் லாரி ஒன்று பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு பாதி உள்ளே இறங்கிவிட்டது. ஊருக்குக் குடிநீர் தருகிற ஏரி அது. எரிபொருளை வேறு டாங்கருக்கு இறைத்து எடுக்கும்வரை அந்த ஊர் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குளிர்காலம் சுருங்க ஆரம்பித்திருப்பதால் இந்தச் சாலை எத்தனை நாள் திறந்திருக்கும் என்பது இப்போது வருடாவருடம் வயிற்றில் புளியைக் கரைக்கிற கேள்வி.

மூன்றாவது பயன் பற்றித்தான் வெளியுலகம் கொஞ்சமாவது கேள்விப்பட்டிருக்கும். 1900இல் கனடாவின் புவியியல் ஆய்வுத் துறைக்காக மெக்கின்டாஷ் பெல் என்பவர் கிழக்குக் கரையைச் சுற்றிவந்து, பாறையில் கோபால்ட்டின் ரோஜா நிறப் பூப்பும் செம்புக் கறையும் இருப்பதாக அறிக்கையில் எழுதிவைத்தார். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு போன கில்பர்ட் லபைன், 1930 மே மாதத்தில் மெக்டாவிஷ் கிளையின் கரையில் வெள்ளியையும், கூடவே பிட்ச்பிளெண்ட் எனப்படும் கறுத்துக் கனத்த யுரேனியத் தாதுவையும் கண்டார். கூடப் போனவர் பனி வெளிச்சத்தில் கண் கூசிப் பார்வை மங்கிக் கூடாரத்தில் படுத்திருந்தாராம். பிட்ச்பிளெண்டில் ரேடியம் இருக்கும். புற்றுநோய் சிகிச்சைக்கு ரேடியம் வேண்டும், அப்போது உலகச் சந்தை காங்கோ தாதுவை வைத்திருந்த பெல்ஜியக் கம்பெனியின் கையில் இருந்தது, ஒரு கிராமே பல பத்தாயிரம் டாலர். வேறென்ன வேண்டும், எல்டொராடோ கம்பெனியின் சுரங்கம் வந்தது, போர்ட் ரேடியம் என்று ஊருக்கே பெயர் வைத்தார்கள்.

தாதுவைச் சுத்திகரிக்கிற ஆலை எங்கே தெரியுமா? ஒண்டாரியோ ஏரிக்கரையில், போர்ட் ஹோப்பில். ஏரியைக் குறுக்கே படகில் கடந்து, கிரேட் பேர் ஆற்றில் இறங்கி, பாறை நிறைந்த வேகச் சுழிப்பு வந்ததும் மூட்டைகளை இறக்கித் தரைவழியாகக் கொண்டுபோய் மறுபடி ஏற்றி, மெக்கன்சியில் எதிர்நீச்சலில் கிரேட் ஸ்லேவ் ஏரி வரை போய், ஸ்லேவ் ஆற்றில் ஏறி, ஃபோர்ட் ஸ்மித்தில் மறுபடி இறக்கி ஏற்றி, அதபாஸ்கா வழியாக வாட்டர்வேஸ் போய் ரயிலைப் பிடிக்க வேண்டும். தண்ணீர் திறந்திருக்கும் கொஞ்ச மாதங்களுக்குள் இத்தனையும். ஒவ்வொரு இறக்கத்திலும் ஏற்றத்திலும் சாக்குமூட்டையைத் தோளில் சுமந்தவர்களில் டெனே ஆட்கள் பலர், ஒரு மூட்டை 45 கிலோ அளவில். துணிச்சாக்கிலிருந்து தூள் சிந்தும், மூட்டைகளின் மேலேயே உட்கார்ந்து தூங்கி வந்தோம் என்று பெரியவர்கள் பின்னாளில் சொன்னார்கள். காலியான சாக்கைக் குடும்பங்கள் வேறு வேலைகளுக்குப் பயன்படுத்தின. கதிர்வீச்சுத் தூள் கெடுதல் என்று கனடாவின் சுரங்கத் துறைக்கு 1930களின் தொடக்கத்திலேயே தெரியும், அதை மூட்டை சுமக்கிறவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ரேடியத்தை எடுத்தபின் மிஞ்சும் யுரேனியத்துக்கு அப்போது பெரிய மதிப்பில்லை, பீங்கானுக்கு மஞ்சள், ஆரஞ்சு நிறம் கொடுக்கப் பயன்படுத்தினார்கள். 1940இல் சுரங்கம் மூடப்பட்டது. இரண்டே வருடத்தில், 1942இல், சத்தமில்லாமல் மறுபடி திறக்கப்பட்டது, இந்தத் தடவை யுரேனியத்துக்காக, அமெரிக்கா அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்துக்காக. 1944இல் கனடா அரசே கம்பெனியை எடுத்துக்கொண்டது. மன்ஹாட்டன் திட்டத்துக்குப் போன யுரேனியத்தில் பெரும்பங்கு காங்கோவிலிருந்து, மீதி கொலராடோவிலிருந்தும் இந்த ஏரிக்கரையிலிருந்தும். ஆலைகளில் எல்லாம் கலந்துவிட்டதால் ஹிரோஷிமாவில் விழுந்ததில் இந்த ஏரியின் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. நேராக அங்கிருந்துதான் போனது என்று அடித்துச் சொல்லும் கட்டுரைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும், பங்கே இல்லை என்பவர்களையும்தான். யுரேனியம் 1960 வரை எடுத்தார்கள், பிறகு அதே இடத்தில் வெள்ளி, 1982 வரை.

சுமந்தவர்கள் பலர் புற்றுநோயில் செத்தார்கள், டெலினேக்கு விதவைகளின் ஊர் என்றே பெயர் வந்துவிட்டது. 1998 ஆகஸ்டில் ஊரிலிருந்து ஒரு சிறு குழு ஹிரோஷிமாவுக்குப் போய், எங்கள் நிலத்திலிருந்து வந்ததற்காக வருந்துகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தது. யாருக்கு யார் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று யோசித்தால் எனக்கு இன்னும் தொண்டையை அடைக்கிறது. அரசும் டெலினேயும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2005இல் முடிந்தது: சுமந்தவர்களின் எண்ணிக்கை சிறியது, பழைய பதிவுகளும் குறைவு, எனவே இந்தப் புற்றுநோய்கள் கதிர்வீச்சால்தான் வந்தன என்று உறுதிசெய்ய முடியாது என்றது. டெலினேயில் பலருக்கு அதில் திருப்தி இல்லை. 2007இல் போர்ட் ரேடியம் இடத்தைச் சுத்தம் செய்தார்கள், ஆனால் சுரங்கக் கழிவு பல லட்சம் டன் ஏரியின் அடியிலேயே கிடக்கிறது. நடு ஏரியின் தண்ணீர் இன்றும் சுத்தமாக இருக்கிறது என்பது உண்மை. முன்னே சொன்ன 120 வருடக் கணக்கை இப்போது எடுத்துப் பாருங்கள், முதல் மூட்டை இறங்கிய காலத்துத் தண்ணீரில் ஒரு பங்கு இன்னும் வெளியே போய்ச் சேரவில்லை.

இதற்குப் பிறகுதான் ஏரியின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. டெனே மக்கள் சொல்லும் கதை ஒன்று. காயே டாவ்யே என்ற ஞானி ஏரியில் நான்கு தூண்டில்கள் போட்டிருந்தார். கொக்கி கிடைப்பதே அபூர்வமான காலம். ஒன்றைப் பெரிய டிரௌட் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அதைத் தேட அவர் ஒரு பர்பட் மீனின் உடம்புக்குள் புகுந்து அடியில் இறங்கினார். அங்கே ஒரு பேரொலி, போய்ப் பார்த்தால் ஏரியின் தரையில் ஒரு இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது, எல்லா வகை மீன்களும் தலையை அதன் பக்கம் வைத்துக் காவல் நிற்கின்றன. புல், பூச்சி, காடு, மனிதன் எல்லாவற்றுக்கும் அந்தத் துடிப்புதான் உயிர் கொடுக்கிறது என்பார்கள். 2005இல் ஏரிக்கும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் எழுதிய நிர்வாகத் திட்டத்துக்கே 'நீரின் இதயம்' என்று பெயர் வைத்தார்கள். அரசாங்கத் திட்ட ஆவணம் ஒன்று ஒரு ஞானியின் கதையில் தொடங்குவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அப்புறம் வேலைகள் வரிசையாக நடந்தன. ஏரிக்குள் நீளும் இரண்டு பெரிய தீபகற்பங்கள், சாவ்யூவும் எடாச்சோவும், 5,500 சதுர கிலோமீட்டருக்கு மேல், தேசிய வரலாற்று இடமாகச் சுரங்கத்திலிருந்து காக்கப்பட்டன. 2016 மார்ச்சில் ஏரியும் சுற்றுப்புறமுமாக 93,000 சதுர கிலோமீட்டர், ட்ஸா டூவே என்ற பெயரில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமானது. அதே வருடம் செப்டம்பர் 1இல் டெலினேக்குச் சொந்த அரசாங்கமே வந்துவிட்டது, ஊர் நிர்வாகமும் நில உரிமையும் பூர்வகுடி நிர்வாகமும் ஒரே அமைப்பின் கையில். கிரேட் பேர் ஆற்றில் வருடம் முழுக்கத் தண்ணீர் ஏறத்தாழ ஒரே அளவில் ஓடுவதால் மின் அணை கட்டலாமா என்ற ஆய்வுகளும் நடந்ததுண்டு, கட்டவில்லை. எதை அனுமதிப்பது என்பதில் இப்போது அந்த ஊர்க்காரர்களின் வார்த்தைக்கு எடை இருக்கிறது, 1930இல் அது இல்லை. 1940இல் இறந்த எட்சியோ ஆயா என்ற டெலினே தீர்க்கதரிசி, உலகத்தில் தண்ணீரும் மீனும் அற்றுப்போகிற காலத்தில் தெற்கிலிருந்து எல்லோரும் இந்த ஏரியைத் தேடி வருவார்கள் என்று சொல்லிவைத்ததாக அங்கே சொல்வார்கள். பயன் என்ன என்று கேட்டவருக்கு இப்படியும் ஒரு பதில் அங்கே இருக்கிறது.

கடைசியாக, போய்ப் பார்க்க முடியுமா என்றும் கேட்டிருந்தார். முடியும், பணம் ஆகும். எல்லோநைஃப் வரை பெரிய விமானம், அங்கிருந்து நார்மன் வெல்ஸ் வழியாகச் சின்ன விமானத்தில் டெலினே. மீன்பிடி விடுதிகளின் விமானங்கள் எல்லோநைஃபிலிருந்தே நேராக ஏரிக்குப் போகும், அவை திறந்திருப்பது ஜூலை, ஆகஸ்ட் வாக்கில்தான். பிரதேசத்தின் மீன்பிடி உரிமம் எடுக்காமல் தூண்டிலைத் தொடாதீர்கள். ஜூலை முதல் வாரம் என்றால் பனிக்கட்டிப் பாளங்கள் காற்றுக்கு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நகர்ந்துகொண்டிருக்கும், படகு கிளம்பாமல் நாள் முழுக்க விடுதியில் உட்கார்ந்திருக்க நேரலாம். கொசுவுக்கு முகவலை, குளிருக்குக் கனமான ஜாக்கெட், இரண்டும் ஒரே நாளில் தேவைப்படும்.